பேச்சித்தாய் போட்ட கேள்வி

தப்பா எடுத்துக்காதீங்க அண்ணாச்சி. திண்டுக்கல்ல ஏறுனதுல இருந்து நீங்க என்னையத்தான் பாத்துக்கிட்டு வாறீய. நானும் சன்னலப் பாக்குத மாதிரி உங்களப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். கேட்டுருதேன். நீங்க மீன் கம்பெனி ஆளா?

இல்லையா? சத்தியமா இல்லையா?

அப்பம் எதுக்கு அப்படிப் பாத்தீய? சட்டைப் பித்தான் மாறிக் கிடக்கா? அட, ஆமா. காலையில பதட்டத்துல போட்டது. பேங்க்லயா இருக்கீய? மக வீட்டுக்குப் போறீயளா? சரி, சரி. மன்னிச்சுக்கிடுங்க. இப்பமெல்லாம் யாரப் பாத்தாலும் எனக்கு அப்படித்தான் தோணுது.

எம் பேரு ஐகோர்ட்துரை. சிரிக்காதீங்க, எங்க பக்கம் அது சாமி பேரு. பொன்னங்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல மோட்டாருக்குக் காயில் கட்டுத கடை வச்சிருக்கேன். எம் பொண்டாட்டிய உங்களுக்குத் தெரிஞ்சிருக்கலாம். பேச்சித்தாய் எம்.எல்.ஏ. பேப்பர்ல படம் வந்துச்சே, பாக்கலியா? நல்லதாப் போச்சு. 

பீடி சுத்துனவ அண்ணாச்சி அவ. பீடிப் பொம்பளையளச் சேத்து சங்கம் வச்சவ. எங்களுது சின்னக் கட்சி. கூட்டணியில பெரியவங்க பாத்துக் குடுத்த தொகுதியில யார நிறுத்தன்னு ஆம்பளையளுக்குள்ள சண்டை. எனக்கு இல்லாட்டா அவனுக்கும் கெடைக்கக் கூடாதுன்னு கடைசியில இவ பேர எழுதிட்டாவ. தோத்துருவான்னு நம்பித்தான் எழுதுனாவ. இவ ஜெயிச்சிட்டா. ஊரே வெடி போட்டுச்சு. நான் அந்த வெடிச் சத்தத்துக்கே கடைக்குள்ள போய் உக்காந்துட்டேன்.

எனக்குப் பயம் சின்னதுல இருந்தே உண்டு. அத மறைக்க மாட்டேன். கரண்டு வேலை பாக்குதவனுக்குப் பயம் வேணும் அண்ணாச்சி. பயமில்லாதவன் ஒருத்தன் எங்கூட வேலை பாத்தான், அவன் போய்ச் சேந்துட்டான். நான் இருக்கேன். இத பேச்சிகிட்ட எத்தனையோ தடவை சொல்லியாச்சு. "அது கம்பியில உள்ள கரண்டுக்கு. மனுசனுக்கு எதுக்குப் பயப்படணும்"ங்கா. மனுசனுக்குத்தானே பயப்படணும்? நீங்களே சொல்லுங்க.

இது ஆரம்பிச்சது போன பங்குனியில. மாடத்தின்னு ஒரு பொம்பள, மக ரேவதியக் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்தா. அந்தப் பிள்ளை மீன் கம்பெனியில எறா உரிக்கப் போன பிள்ளை. பேசச் சொன்னா பேச்சு வரல. சைக்கிள் டியூப்ல காத்து எறங்குத மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். தாய்க்காரிதான் சொன்னா.

கம்பெனிக்குள்ளயே ஹாஸ்டல். நைட் ஷிப்டு பாத்த பிள்ளையெல்லாம் பகல்ல தூங்கும். சுவருக்கு அந்தப் பக்கம் ஐஸ் மிசினு. அதுல ஓடுதது அம்மோனியா. அது ஒரு நாள் மத்தியானம் கசிஞ்சிருக்கு. கண்ணு எரிஞ்சு முழிச்ச பிள்ளையெல்லாம் கதவுக்கு ஓடிருக்கு. கதவு வெளிய பூட்டு. பிள்ளைய வெளிய சுத்தப்படாதுன்னு பூட்டி வைப்பாவளாம். வாட்ச்மேன் சாவியோட சாப்பிடப் போயிட்டான். அவன் வந்து தொறக்குத வரைக்கும் அம்புட்டுப் பிள்ளையளும் பாத்ரூம் தொட்டித் தண்ணியில தலைய முக்கி முக்கி எடுத்துக்கிட்டுக் கிடந்திருக்கு.

ஆஸ்பத்திரிச் சீட்டுல சாப்பாடு ஒத்துக்கலன்னு எழுதிருக்கு. கம்பெனிக்காரவ ஹார்லிக்ஸ் வாங்கிக் குடுத்துட்டுப் போயிட்டாவ. மறுநாளே அதே ஹாஸ்டல், அதே பூட்டு. வேற பிள்ளைய. ஒரிசா, அசாம்னு எங்கிருந்தெல்லாமோ கொண்டு வந்து வச்சிருக்காவ.

பேச்சி அன்னைக்கு ராத்திரிச் சாப்பாடு சாப்பிடல. அதுக்கப்புறம் கலெக்டர் ஆபீசுக்கு ஒரு மனு, ஸ்டேஷனுக்கு ஒரு மனு. "விசாரிக்கோம்"னாவ. ஒருத்தரும் எட்டிப் பாக்கல. அப்பந்தான் அவ கேள்வி எழுத உக்காந்தா.

அது எப்படின்னா அண்ணாச்சி, சட்டசபையில ரெண்டு விதமாக் கேக்கலாமாம். நட்சத்திரம் போட்ட கேள்வின்னா மந்திரி எழும்பி வாயால பதில் சொல்லணும். நட்சத்திரம் போடாததுன்னா எழுத்துல குடுக்கணும். இவ போட்டது எழுத்துல. நான் சொன்னேன், "ஏளா, மந்திரிய நேர்ல பாத்துத் தன்மையாச் சொல்லேன். மேல உள்ளவன் எப்பமும் தன்மைக்குத்தான் மசிவான்." கேக்காளா? "வாயால சொன்னது காத்தோட போயிரும். மனு குடுத்தா மேசையில தூங்கும். கேள்விக்கு எவனாவது ஒருத்தன் போய்ப் பாத்து, எழுதி, கையெழுத்துப் போட்டே ஆகணும்"னா.

அடுப்படியில உக்காந்துதான் எழுதுனா. மாண்புமிகு அமைச்சர் அவர்கள் கீழ்க்கண்ட வினாக்களுக்கு விடையளிப்பார்களா. அ, அந்த ஆலையில் அம்மோனியா பயன்படுத்தப்படுகிறதா. ஆ, கடைசியாக ஆய்வு செய்தது எப்போது. இ, ஆலைக்குள் தொழிலாளர் விடுதி உள்ளதா. ஈ, விடுதியின் கதவு வெளிப்புறமாகப் பூட்டப்படுகிறதா. உ, ஆம் எனில், எடுத்த நடவடிக்கை என்ன. எனக்கு மனப்பாடம். மனப்பாடம் ஆகாம என்ன செய்யும், தூக்கத்துல கூட அதான ஓடுச்சு. அதுலயும் அந்த ஈ. "ஈய மட்டும் எடுத்துரேன்"னு கெஞ்சுனேன். "ஈக்காகத்தான் மத்ததையே எழுதிருக்கேன்"னுட்டா.

கேள்வி மெட்ராஸ் போச்சு. சொல்லி வச்ச மாதிரி போன் வர ஆரம்பிச்சுது. எடுத்தா பேச மாட்டான். மூச்சு மட்டும் கேக்கும். அப்புறம் எங்க மாவட்டச் செயலாளர். "கூட்டணியில இருந்துக்கிட்டே கூட்டணி ஆட்சியக் கேள்வி கேக்கலாமா? நீரு எடுத்துச் சொல்லக் கூடாதா?"ன்னு எங்கிட்டக் கேட்டாரு. அவ எதிர்லதான் காய் நறுக்கிக்கிட்டு இருந்தா. போன நீட்டுனேன். "கை ஈரமா இருக்கு"ன்னுட்டா.

அதுக்கப்புறம்தான் தனபால் சார் வந்தாரு.

கம்பெனி மேனேஜர். வெள்ளைச் சட்டை, நல்ல பேச்சு. கோணிச்சாக்குல ஒரு மோட்டாரச் சுத்தி எடுத்துக்கிட்டுக் கடைக்கே வந்தாரு. "ஓட மாட்டேங்குது அண்ணாச்சி, பாருங்க"ன்னாரு. பிரிச்சேன். புது மோட்டார். லைன் குடுத்தா ஜம்முன்னு ஓடுது. "சார், இது ஓடுதே"ங்கேன். "ஓடுதா? அப்பம் நான் எதுக்கு வந்தேன்?"னு சிரிச்சாரு. எனக்கு அப்பமே முதுகுல வேர்த்துப் போச்சு அண்ணாச்சி. கெட்டுப் போன மோட்டாரக் கொண்டு வந்தவனுக்கு நான் எதுக்குப் பயப்படுதேன்? நல்லா ஓடுத மோட்டாரச் சுமந்துக்கிட்டு வாறான் பாருங்க, அவனுக்குத்தான் பயப்படணும்.

ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்தாரு. "அக்கா நல்ல பொம்பள. ஏழைபாழைக்கு உழைக்காவ. ஆனா ரொம்ப அலையுதாவ. கிராமம் கிராமமா, கண்ட நேரத்துல கார்ல. நம்ம ரோடு எப்படின்னு உங்களுக்குத் தெரியாததா? எனக்கே மனசு கெடந்து அடிச்சுக்கிடுது. அந்தக் கேள்விய வாபஸ் வாங்கிட்டு ஒரு மாசம் வீட்டுல ஓய்வா இருக்கச் சொல்லுங்க"ன்னாரு. அவ்வளவுதான். குரல் உசத்தல. போகும்போது கும்புட்டாரு. மோட்டார எடுத்துக்கிட்டுப் போகவே இல்ல.

அதுல இருந்து எனக்குத் தூக்கம் போச்சு. காலையில எழும்பி, கார் கெளம்புறதுக்கு முந்தி கீழ படுத்துப் பிரேக் டியூபப் பாப்பேன். கூட்டத்துல அவளுக்கு யாராவது காப்பி குடுத்தா நான் மொதல்ல ஒரு வாய் குடிப்பேன். "ஏங்க, அப்படி விசம் இருந்தா உங்களுக்குல்லா மொதல்ல ஆகும்"னா. அத நான் யோசிக்கல பாத்துக்கிடுங்க. மறுநாள்ல இருந்து டிரைவரக் குடிக்கச் சொன்னேன். அவன் மாட்டேன்னுட்டான்.

அவ சபைக்குன்னு மெட்ராஸ் போயிட்டா. நான் கடையில தனியா. அங்க இருந்தா கேள்வி கேட்டுக்கிட்டே இருப்பான்னு, எனக்கு நெஞ்சு வலிக்கின்னு போன் அடிச்சேன். ஓடி வந்துருவான்னு பாத்தா, பக்கத்து மருந்துக் கடைக்காரருக்குப் போனப் போட்டுட்டா. அவரு என்னைய ஆட்டோவுல தூக்கிப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயி, அங்க எனக்கு ஈசிஜி எடுத்து, "ஒண்ணுமில்ல, பயந்திருக்காரு"ன்னு அவகிட்டயே போன்ல சொல்லிட்டாவ. அத எங்கிட்டயே சொல்லிருந்தா நானே ஒத்துக்கிட்டிருப்பேன்.

ரெண்டாம் தடவை தனபால் சார் வந்தப்ப ஸ்டூல்ல உக்காரல. நின்னுக்கிட்டே, "என்னாச்சு அண்ணாச்சி?"ன்னாரு. நான் பதிலுக்கு என்ன சொல்லணும்னு நினைக்கவே இல்ல. வாயே சொல்லிட்டுது. "வாபஸ் வாங்கியாச்சு சார்." "எழுதிக் குடுத்தாச்சா?" "நான் பக்கத்துல நின்னுதான் எழுத வச்சேன் சார்." என் கையப் பிடிச்சுக் குலுக்குனாரு. கை சில்லுன்னு இருந்துச்சு, ஐஸ் கம்பெனிக் கை. "ஆம்பளை ஒருத்தன் வீட்டுல இருந்தா இப்படித்தான்"னு சொல்லிட்டு, மோட்டார எடுத்துக்கிட்டுப் போனாரு. நம்பிட்டாரு அண்ணாச்சி. புருசன் சொன்னா பொண்டாட்டி செஞ்சிருப்பான்னு நினைக்கிற மனுசன். அவரு வீட்டுல அப்படி இருக்கும்போல.

மாடத்தி பொறவு வந்து சொன்னா. ஆபீசருங்க வாராவன்னு அங்க ஒரே பரபரப்பாம். ஹாஸ்டல் பிள்ளையளோட பெட்டி படுக்கையெல்லாம் கட்டி, வேற ஊரு குடோனுக்கு அனுப்ப வேன் கூட வந்து நின்னுச்சாம். கொண்டியக் கழட்டிட்டுப் பெயிண்டு அடிக்க ஆளும் வந்தாச்சாம். திடீர்னு வேனத் திருப்பி அனுப்பிட்டாவளாம். பெயிண்டரும் போயிட்டானாம். கேள்வி வாபஸ் ஆயிட்டுதாம், யாரும் வர மாட்டாவளாம்னு பிள்ளைய பேசிக்கிட்டுதாம். "அப்படி எவன் சொல்லிருப்பான்?"னு மாடத்தி எங்கிட்டயே கேக்கா. நான் விட்டத்தப் பாத்துக்கிட்டு இருந்தேன். நல்ல வேளை, யாருன்னு அவளுக்குத் தெரியல. தெரிஞ்சா என்ன நினைப்பா? எம்.எல்.ஏ. புருசன் இப்படிக் கோழைன்னு ஊரு பூரா சொல்லிற மாட்டாளா?

ஆனா கேள்வி போன இடத்துல போயிக்கிட்டுத்தான இருந்துச்சு. ஒரு நாள் மத்தியானம் ஜீப்புல ஆபீசருங்க வந்து எறங்கிட்டாவ. கண்ணாடி போட்ட ஒரு ஒல்லியான ஆபீசரம்மாதான் தலைமை. ஹாஸ்டல் கதவு பூட்டிக் கிடக்கு. வாட்ச்மேன் சாப்பிடப் போயிட்டான். வெளிய நிக்கும்போதே அந்தம்மாவுக்குக் கண்ணுல தண்ணி வந்து இருமல் வந்துட்டுதாம். கதவத் தட்டிருக்காவ. உள்ள இருந்து பிள்ளையெல்லாம் திருப்பித் தட்டிருக்கு. சாவி எங்கன்னு ரெண்டு தடவை கேட்டுட்டு, ஜீப் டிரைவர்கிட்ட இரும்பு லீவர எடுத்துட்டு வரச் சொல்லி, கொண்டிய நெம்பச் சொல்லிட்டாவ. 

அப்பம் எனக்குப் போன். பேச்சி. "ஹாஸ்டலக் காலி பண்ணச் சொல்லிட்டாவளாம். பிள்ளைய ரோட்டுல நிக்கும். நான் மெட்ராஸ்ல இருக்கேன். கல்யாண மண்டபத்துல தங்க இடம் சொல்லிட்டேன். நீங்க போய்க் கூட்டிட்டு வாங்க"ங்கா. 

நானா! அந்த கேட்டுக்கா! "வேற யாரையாவது அனுப்பேன்"னேன். "வேற யாரும் போக மாட்டாவ, பயப்படுவாவ"ங்கா. அப்பம் நான் யாரு? எனக்கு அழுகையே வந்துட்டு அண்ணாச்சி. ஆனா போன வச்சிட்டா. போன வச்ச பொறவு யார்கிட்டப் போய் மாட்டேன்னு சொல்ல?

தெரிஞ்ச மினி பஸ் டிரைவரக் கெஞ்சிக் கூட்டிக்கிட்டுப் போனேன். கேட்டுல தனபால் சார் நிக்காரு. அதே வெள்ளைச் சட்டை. என்னையப் பாத்தாரு. பக்கத்துல வந்து, காதுகிட்ட, "வாபஸ் வாங்கியாச்சுன்னீங்களே அண்ணாச்சி"ன்னாரு. சத்தமாத் திட்டிருந்தா ஓடிருப்பேன். மெதுவாச் சொன்னதுல கால் அசையவே இல்ல. ஒண்ணுக்கு வந்துரும்போல இருந்துச்சு. அந்நேரம் பாத்து உள்ள இருந்து ஒரு பிள்ளை வந்து, பாஷை தெரியாத பிள்ளை, என் கையில ஒரு பிளாஸ்டிக் வாளியத் திணிச்சிட்டுப் போயிட்டு. நான் அந்த வாளிய நெஞ்சுக்கு முன்னால பிடிச்சுக்கிட்டு நிக்கேன், கேடயம் மாதிரி. வாளி! அவரு அடிச்சா வாளி தாங்குமா?

இன்னொரு பிள்ளைக்குக் காய்ச்சல், நடக்க முடியல. பெட்டியத் தூக்க ஆள் இல்லன்னு என்னைய உள்ள கூப்பிட்டுட்டாவ. போனேன். அந்தக் கதவப் பாத்தேன். பூட்டு பூட்டுன மேனிக்கே இருக்கு. கொண்டிதான் நெளிஞ்சு, ஆணியோட பிடுங்கிக்கிட்டுத் தொங்குது. கதவுக்கு உள்பக்கம் பூரா கீறல். நகக் கீறல். அந்த நாத்தம், அண்ணாச்சி, இப்பம் சொல்லும்போதும் கண்ணு கரிக்கி. அந்தக் காய்ச்சல்காரப் பிள்ளை என் சட்டை நுனியப் பிடிச்சிட்டு விடவே இல்ல, மண்டபம் வந்து சேருத வரைக்கும். அதுவும் நடுங்குது, நானும் நடுங்குதேன். யாரு யாருக்குத் துணைன்னு தெரியல. அப்புறம் எல்லாம் அதது ஊருக்கு ரயிலேறிப் போயிட்டு.

இதோட முடிஞ்சிருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேன். முடியல. பதில் வந்துச்சு.

சட்டசபையில வச்ச தாள, அவ ஊருக்கு வரும்போது கையோட கொண்டு வந்தா. அடுப்படித் தரையில உக்காந்தா. என்னையப் படிக்கச் சொன்னா. அ, ஆம். ஆ, ஏதோ தேதி. இ, ஆம். ஈ, இல்லை. ஆய்வின்போது விடுதியின் கதவு திறந்த நிலையில் இருந்தது. உ, வினா எழவில்லை.

திறந்த நிலையில் இருந்ததாம். ஒடைச்சுத் தொறந்தா தொறந்துதான கிடக்கும்? பொய்யின்னு சொல்ல முடியாது பாருங்க. அந்த ஆபீசரம்மாவ அதுக்குள்ள எங்கயோ தூரத்துக்கு மாத்திட்டாவ. கையெழுத்து வேற யாரோ. கம்பெனியில மறுபடியும் புதுசாப் பிள்ளைய வந்து எறங்கப் போகுதுன்னு பேச்சு.

பேச்சி அந்தத் தாள வாங்கி மறுபடியும் படிச்சா. அப்புறம் சொன்னா, "ஏங்க, எனக்குப் பயமா இருக்கு."

கல்யாணம் ஆன நாள்ல இருந்து அந்த வார்த்தைய அவ வாயில நான் கேட்டதில்ல. "கம்பெனிக்காரன் மெரட்டுனா யாருன்னு தெரியுது. இத எழுதுனது யாருன்னே தெரியல. எவனோ ஒருத்தன் உக்காந்து, யோசிச்சு, ஒரு எழுத்துப் பிழை கூட இல்லாம எழுதிருக்கான்"னா.

எனக்கு அப்பம் வந்த பயம் அதுக்கு முந்தி வந்ததே இல்ல. அவளும் பயந்துட்டான்னா எங்க வீட்டுல பயப்படாத ஆளே இல்லியே அண்ணாச்சி! அவளத் தேத்தணுமேன்னு, ஒரு ஆறுதலுக்கு, "நான் பாத்தேம்ளா. பூட்டு தொங்குனத எங் கண்ணால பாத்தேன்"னேன். ஆறுதலுக்குச் சொன்னது! தலையத் தூக்குனா. கண்ணத் தொடைச்சா. "எங்க, அத எங்கிட்ட இன்னொரு தடவை சொல்லுங்க"ன்னா.

அவ்வளவுதான். பதில் தப்புன்னு சபாநாயகருக்கு எழுதிப் போட்டுட்டா. ஒரு கமிட்டி வச்சு விசாரிக்காவ. நேர்ல பாத்த சாட்சி யாருன்னா, ஐகோர்ட்துரை, மோட்டார் காயில் கட்டுதவர். நாளைக்குக் காலையில ஆஜராகணும். அவ முந்தியே போயிட்டா. "கடையப் பூட்டிட்டு வந்துருங்க"ன்னுட்டுப் போனா. நேத்து தனபால் சார் போன். "மெட்ராஸ் போறீங்களாமே அண்ணாச்சி. பாத்துப் போங்க. ரயில்ல கதவுகிட்ட நிக்காதீங்க."

நான் பாத்ரூமுக்குக் கூடப் போகல, தெரியுமா? கதவுகிட்டல்லா இருக்கு அது.

கமிட்டியில என்ன கேப்பாவ? கோட்டு போட்டவங்க முன்னால எனக்கு நாக்கு ஒட்டிக்கிடும். அந்த வாபஸ் கதைய எவனாவது எடுத்து விட்டான்னா? பேச்சிக்கு அது இன்னும் தெரியாது. நான் போயி ஒண்ணும் ஆகப் போறதில்ல. அந்தப் பிள்ளையெல்லாம் போயிட்டு, ஆபீசரம்மா போயிட்டாவ. நான் ஒருத்தன் பூட்டுன்னு சொன்னா...

என்ன சத்தம் இது? பாலமா? இவ்வளவு தண்ணி... காவிரியா!

அப்பம் திருச்சி? திருச்சி எப்பம் வந்துச்சு? ஏதோ ஸ்டேஷன்ல ரொம்ப நேரம் நின்னுச்சே, அதுவா? அய்யய்யோ. ஏன் அண்ணாச்சி எங்கிட்டச் சொல்லல? நீங்க எப்படிச் சொல்லுவீய, உங்களுக்கு என்ன தெரியும்? நான் திருச்சியில எறங்கி, அடுத்த வண்டியப் பிடிச்சு ஊருக்கே திரும்பிரணும்னுதான் ஏறுனேன். டிக்கெட்டே திருச்சி வரைக்கும்தான் எடுத்திருக்கேன். ஒடம்புக்கு முடியலன்னு அவகிட்டச் சொல்லிக்கிடலாம்னு இருந்தேன். பேசிக்கிட்டே வந்ததுல...

இனி எங்க நிக்கும்? விருத்தாசலமா? அங்க எறங்கிறலாமா? எறங்குனா திரும்ப வண்டி உண்டா?

உண்டா? உண்டுங்கீயளா.

டிக்கெட் பாக்குதவரு வாறாரு பாருங்க. அந்தக் கோடியில நிக்காரே, கருப்புக் கோட்டு. இல்ல, நீங்க பேசாதீங்க அண்ணாச்சி. பொறுங்க. நானே கேட்டுக்கிடுதேன். இந்தப் பித்தான மட்டும் சரியாப் போட்டுக்கிடுதேன்.

சார். சார், இங்க. எங்கிட்ட இருக்கது திருச்சி டிக்கெட்டு சார். மெட்ராஸுக்கு மாத்தித் தர முடியுமா?